நீர்நாயின் நக்கல் கணக்கு

அலுவலகத்தில் அவரை எல்லோரும் எலி சார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் எலி மாதிரி இருப்பார் என்று நினைத்துவிட வேண்டாம். ஆறடிக்கு இரண்டு அங்குலம்தான் குறைவு. பீரோவை நகர்த்த வேண்டுமென்றால் மூன்று மாடியிலிருந்தும் அவரைத் தேடித்தான் வருவார்கள். அந்தப் பெயர் வேலையால் வந்தது.

வயலில் தெளிக்கும் பூச்சிமருந்துகளுக்கு அனுமதி கொடுக்கிற அலுவலகம் அது. புதிதாக ஒரு மருந்து வந்தால், அதனால் வயல் எலிக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியது இவர் பொறுப்பு. எலியின் எடை இவ்வளவு, ஒரு நாளைக்கு அது தின்னும் தானியம் இவ்வளவு, அதில் ஒட்டியிருக்கும் மருந்து இவ்வளவு என்று பெருக்கி வகுத்தால் ஓர் எண் வரும். ஒன்றுக்குக் கீழே வந்தால் எலி பிழைத்தது, மருந்துக்கு அனுமதி. ஒன்றைத் தாண்டினால் கோப்பு வந்த வழியே திரும்பிப் போகும். பத்தொன்பது வருடத்தில் அவர் காகிதத்தில் காப்பாற்றிய எலிகளுக்கு அளவே இல்லை. வீட்டுச் சமையலறையில் நிஜ எலி ஒன்று ஓடினால் மட்டும் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு மனைவியைக் கூப்பிடுவார்.

எலி சார் மேசைக்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மீன் சாரின் மேசை. நிலத்துப் பிராணிகள் இவர் பொறுப்பு என்றால் தண்ணீரில் இருப்பவை அவர் பொறுப்பு. மீன் சார் வேறு யாருமில்லை, எலி சாருடைய மனைவியின் கூடப் பிறந்த தம்பி. இவரே சொல்லி, இவரே விண்ணப்பம் வாங்கிக் கொடுத்து, அந்த வேலைக்கு வந்தவர்.

இருவரும் ஒருவரோடொருவர் பேசி நாலு வருடமாகியிருந்தது. காரணம் ஒரு போட்டோ. குடும்பத்தோடு சேர்ந்து எடுத்த படம் ஒன்றை மீன் சார் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டினார். ஓரத்தில் நின்ற எலி சாருக்கு அதில் ஒரு காது, ஒரு கண், பாதி மீசை மட்டுமே கிடைத்தன. சட்டம் சின்னது, அதனால் கொஞ்சம் வெட்டவேண்டி வந்தது என்றார் மைத்துனர். வெட்டுவதற்கு அந்தப் பக்கத்து மாமரம் கிடைக்கவில்லையா என்று கேட்டார் இவர். பேச்சு தடித்தது. அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

அதற்காக வேலை நிற்க முடியுமா? எலி சார் கோப்பில் 'பார்வைக்கு' என்று எழுதிக் கடைநிலை ஊழியரிடம் கொடுப்பார். அவர் ஓர் எட்டு வைத்து எதிர் மேசையில் வைப்பார். மீன் சார் 'பார்த்தேன்' என்று எழுதித் திருப்பிக் கொடுப்பார். மின்விசிறியைக் குறைக்க வேண்டும் என்றாலும் துண்டுச் சீட்டுதான். நாலு வருடத்தில் அந்த ஊழியர் இரண்டு மேசைக்கும் இடையிலேயே பல மைல் நடந்திருப்பார்.

இப்படியிருக்கும்போது அந்த மருந்து வந்தது. எண்ணெயில் கரைத்த புது மருந்து; தண்டு துளைக்கும் புழுவுக்கு எமன் என்று கம்பெனி சொன்னது. எலி சார் கணக்குப் போட்டார், எலிக்கு ஆபத்தில்லை. மீன் சார் கணக்குப் போட்டார், மீனுக்கும் ஆபத்தில்லை. கோப்பு கையெழுத்துக்கு மேலே போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது. அட்டையில் ஒரு கடிதம் குத்தியிருந்தது.

மருந்தைச் சோதனைக்குத் தெளித்த வயல்களுக்குப் பக்கத்து விவசாயி எழுதியது. கால்வாய்க் கரையில் ஒரு நீர்நாய் செத்துக் கிடந்ததாம். "என் குட்டையில் வளர்த்த மீனெல்லாம் அதன் வயிற்றுக்குத்தான் போயிற்று. செத்துத் தொலை என்று தினம் திட்டியிருக்கிறேன். நிஜமாகவே செத்துக் கிடந்ததும் பயமாகிவிட்டது. என் பிள்ளைகள் அந்தக் கால்வாயில்தான் குளிக்கிறார்கள்" என்று முடித்திருந்தார். கீழே இயக்குநர் அம்மாள் பச்சை மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: நீர்நாய்க்கு என்ன ஆகும்?

அவர்கள் நிரப்பும் படிவத்தில் இரண்டே பகுதி. ஒன்று நிலம், இன்னொன்று நீர். நீர்நாய்க்கென்று ஒரு கட்டம் எதிலும் இல்லை. எலி சார், "நீரில் வாழ்வது. எதிர் மேசைக்கு" என்று எழுதினார். "குட்டிக்குப் பால் கொடுப்பது. எதிர் மேசைக்கு" என்று பதில் வந்தது. "மீன் பிடிப்பது" என்றார் இவர். "மூக்கால் மூச்சு விடுவது" என்றார் அவர். "பெயரிலேயே நீர் இருக்கிறது." "பெயரிலேயே நாயும் இருக்கிறது." ஆறு வாரம் நீர்நாய் மேசைக்கு மேசை நீந்தியது. ஏழாவது வாரம் இயக்குநர் அம்மாள் கோப்பை வரவழைத்து, இரண்டு பக்கக் குறிப்பையும் முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படித்தார். எதிரே நின்ற இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டு பேரும் இதுவரைக்கும் ஒரு நீர்நாயைக் கண்ணால பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

இருவரும் ஒரே நேரத்தில் இல்லையென்று தலையாட்டினார்கள். நாலு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"அப்ப போய்ப் பாருங்க. ஒண்ணா போங்க, ஒண்ணா வாங்க, ஒரே அறிக்கையில ரெண்டு கையெழுத்தும் வேணும்."

கடிதம் எழுதிய விவசாயி தன் மோட்டார் அறையைத் தங்கக் கொடுத்தார். இரண்டு கயிற்றுக் கட்டில், ஒரு பல்பு, நடுவில் ஓயாமல் இரைகிற தண்ணீர் மோட்டார். வந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்பது அவருக்கு அரைமணி நேரத்தில் புரிந்துவிட்டது. "விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிக்கணும்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்று எலி சார் சொன்னால், அவர் திரும்பி மீன் சாரிடம் சொல்ல வேண்டும். மீன் சார் சொல்லும் பதிலை இவரிடம் கொண்டுவர வேண்டும். இரண்டாம் நாள் அவர் மாட்டைக் கட்டும் சாக்கில் கழன்றுகொண்டார்.

முதல் இரண்டு காலையும் கொசுதான் வந்தது. மூன்றாம் நாள் வெளிச்சம் பரவத் தொடங்கியபோது, நாணல் புதருக்குள் இருவரும் குந்தியிருக்க, கால்வாயின் நடுவில் ஒரு தலை கிளம்பியது. தட்டையான மண்டை, குத்திட்ட மீசை. வாயில் ஒரு மீன் துள்ளிக்கொண்டிருந்தது. எலி சார் தன்னை மறந்து பக்கத்திலிருந்ததைப் பிடித்து அழுத்தினார்.

"மச்சான், அங்க பாரு."

"பாக்குறேன் அத்தான். தொடையை விடுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று இருவருக்கும் உறைத்தது. வாபஸ் வாங்க முடியாது. நீர்நாய் வேறு கரையேறிக்கொண்டிருந்தது.

அது மீனை வாலைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றது. எழுந்து ஓர் உதறு உதறியது. தண்ணீர் நாலாபக்கமும் தெறித்தது. புல்லில் விழுந்து இப்படியும் அப்படியும் புரண்டது. பிறகு உட்கார்ந்து நக்க ஆரம்பித்தது. வயிறு, விலா, தொடை, வாலின் அடி என்று ஓரிடம் விடாமல் நக்கியது. திரும்பத் தண்ணீரில் இறங்கியது, ஏறியது, உதறியது, மறுபடி நக்கியது. எலி சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஒன்றரை மணி நேரத்தில் நாற்பது நிமிடம் அது நக்குவதற்கே செலவழித்திருந்தது.

மீன் சார் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின வாரம்தான் கம்பெனி ஆட்கள் மறுபடி மருந்து தெளித்துவிட்டுப் போயிருந்தார்கள். வெயில் சாய்வாக விழுந்ததில் கால்வாய் முழுக்க மெல்லிய படலம் ஒன்று நிறம் நிறமாக மின்னியது. பெட்ரோல் சிந்திய சாலையில் மழை பெய்தால் தெரியுமே, அந்த மாதிரி. நீர்நாய் ஒவ்வொரு தடவையும் அந்தப் படலத்தைத் தலையால் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

"அத்தான், நான் பாட்டிலை ஒரு அடி ஆழத்துல முக்கித்தான் தண்ணி எடுப்பேன்" என்றார் மீன் சார். "விதி அப்படி. அடியில தண்ணி சுத்தமாத்தான் இருந்துச்சு. மருந்தெல்லாம் மேல மிதக்குது."

மைத்துனரை மடக்க நாலு வருடமாகக் காத்திருந்த எலி சாருக்குக் கைமேல் கிடைத்த வாய்ப்பு அது. ஆனால் அவர் கணக்கு மட்டும் என்ன வாழ்ந்தது?

"நான் தானியத்துல ஒட்டினதை மட்டும்தான் பாத்தேன். உடம்புல ஒட்டினதை நக்கித் திங்கும்னு எனக்கு எங்க தெரியும்" என்றார்.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சு. மேல்படலத்தில் மருந்து எவ்வளவு என்று மீன் சாரால் அளந்துவிட முடியும். ஆனால் நனைந்த ரோமம் எவ்வளவு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும்? உதறிய பிறகு எவ்வளவு மிஞ்சும்? அது தெரிந்தால்தான் நக்கும்போது எவ்வளவு உள்ளே போகிறது என்று சொல்லலாம். அலுவலகப் புத்தகங்களை அலசியதில் எலியின் மீசை நீளம்வரை கிடைத்தது, இது மட்டும் கிடைக்கவில்லை. "வீட்டுல மேனேஜர் இருக்கான்ல, அவனைக் குளிப்பாட்டிப் பாத்தா என்ன?" என்றார் மீன் சார். மேனேஜர் என்பது அவருடைய நாய். எதையும் செய்யாமல் எல்லோரையும் பார்த்துக் குரைப்பதால் வந்த பெயர்.

ஞாயிற்றுக்கிழமை காலை எலி சார் குளியலறைத் தராசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மனைவியோடு மைத்துனர் வீட்டுக்குப் போனார். கூடத்தில் போட்டோ அப்படியேதான் இருந்தது. ஒரு காது, ஒரு கண், பாதி மீசை. அவர் அதைப் பார்ப்பதை மைத்துனர் பார்த்தார். "பெரிய சட்டம் சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். எப்போது சொல்லிவைத்தார் என்று இவர் கேட்கவில்லை.

மேனேஜர் தராசில் நிற்க மறுத்தது. எனவே மீன் சார் முதலில் தனியாக நின்று எடை பார்ப்பது, பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு நிற்பது, முதல் எண்ணைக் கழிப்பது என்று முடிவாயிற்று. உலர்ந்த நாய் பதினாலு கிலோ இருநூறு. இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். தூக்கி நிறுத்தினால் பதினைந்தரை வந்தது. ஒரு நாய் ஒரு கிலோவுக்குமேல் தண்ணீர் சுமக்கிறதா என்று எலி சார் வாயைப் பிளந்தார்.

அவர் மனைவி பேருந்து டிப்போவில் நேரம் குறிப்பவர். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துப் பார்த்துப் பழகியவர். வாசற்படியில் உட்கார்ந்திருந்தபடியே, "நாயோட தண்ணியில பாதி என் தம்பி பனியன்ல இருக்கு. அதையும் சேத்துக் கழிங்க" என்றார்.

பனியனைக் கழற்றிப் பிழிந்து, மைத்துனரை மறுபடி நிறுத்தி, மறுபடி கழித்தார்கள். இப்போது பதினைந்து வந்தது. அடுத்தது உதறல். அது வேண்டும் என்றபோது மேனேஜர் உதறவில்லை. சிலையாக நின்றது. காதில் ஊதினார்கள், முதுகைச் சொறிந்தார்கள். எலி சார் நாலு கால் போட்டு நின்று தலையை ஆட்டி உதறியே காட்டினார். பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கடைசியில், குறிப்பு நோட்டோடு எலி சார் குனிந்து பக்கத்தில் வந்த நிமிடத்தில் நாய் உதறியது. நோட்டில் எழுதியதெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. அக்காவும் தம்பியும் சிரித்த சிரிப்பில் இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஐந்து முறை செய்தார்கள். ஆறாவது முறை மேனேஜர் கட்டிலுக்கடியில் போய் ராஜினாமா செய்துவிட்டது.

நாய் ரோமம் வேறு, நீர்நாய் ரோமம் வேறு என்று யாராவது கேட்பார்கள் என்பது எலி சாருக்குத் தெரியும். ஆகவே மிருகக்காட்சி சாலைக்குப் போனார்கள். அங்கே நீர்நாயைப் பார்த்துக்கொள்கிறவர் பதினைந்து நிமிடத்தில் வேலையை முடித்துக் கொடுத்தார். அவருடைய நீர்நாய் ஒரு மீனைக் காட்டினால் தானே ஓடிவந்து தராசில் ஏறி உட்காரும். உலர்ந்து ஆறு கிலோ நூறு. நீரிலிருந்து வந்ததும் ஆறரை. உதறிய பின் ஆறு கிலோ முந்நூறு. ஆக, உதறிய பிறகும் ரோமத்தில் இருநூறு கிராம். ஒரு ஞாயிறு முழுக்கப் பட்ட பாட்டை நினைத்து எலி சார் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் முழங்கையில் மேனேஜர் போட்ட கீறலைத் தடவிக்கொண்டார்.

அந்த இருநூறில் பாதி புல்லில் துடைபட்டுப் போகும், பாதி வாய்க்குள் போகும் என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு நாளில் எத்தனை முறை கரையேறுகிறது, படலத்தில் எவ்வளவு மருந்து என்பதையெல்லாம் சேர்த்துப் பெருக்கினார்கள். மீனைத் தின்பதால் மட்டும் வரும் எண் பூஜ்யம் புள்ளி மூன்று. ஆபத்தில்லை. நக்குவதையும் சேர்த்தால் ஒன்று புள்ளி ஏழு. இருவரும் தனித்தனியாக மூன்று தடவை போட்டுப் பார்த்தார்கள். அதே எண்தான் வந்தது.

அறிக்கை தட்டச்சுக்குப் போனது. தட்டச்சு செய்கிற அம்மா தாளைக் கையில் பிடித்தபடி எலி சார் மேசைக்கே வந்துவிட்டார். "சார், யாரை நக்கல் பண்றீங்க?" என்றார். எலி சார் புரியாமல் வாங்கிப் பார்த்தார். நாலாம் பக்கத் தலைப்பு 'நக்கல் வழி உட்கொள்ளல்'. அதன் கீழே 'ஒரு நாளைய நக்கல் அளவு', 'சராசரி நக்கல் நேரம்', 'மழைக்கால நக்கல்'. பத்தொன்பது வருடம் படிவத்தமிழே எழுதி எழுதி அவருக்கு அந்தச் சொல்லின் இன்னொரு பொருள் மறந்தே போயிருந்தது. மாற்ற நேரமில்லை, மறுநாள் காலை நிபுணர் குழு கூடுகிறது. பின்னிணைப்பில் 'மேனேஜர் – உதறுவதற்கு முன்', 'மேனேஜர் – உதறிய பின்' என்றிருந்த அட்டவணையை மட்டும், முதல் மாடியில் இருக்கும் அலுவலக மேனேஜரின் மனசு நோகாமலிருக்க, இயக்குநர் அம்மாள் 'நாய்' என்று திருத்தினார்.

குழுவில் கம்பெனியின் ஆலோசகர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அறிக்கையைப் புரட்டப் புரட்ட அவர் முகம் சிவந்தது.

"இந்த அறிக்கை முழுக்க நக்கலா இருக்கு" என்றார்.

"முழுக்க இல்லைங்க" என்றார் எலி சார் பணிவாக. "முதல் மூணு பக்கம் மீன்தான். நாலாவது பக்கத்துல இருந்துதான் நக்கல்."

மீன் சார் மேசைக்கடியில் குனிந்து விழாத பேனாவை ரொம்ப நேரம் தேடினார்.

ஆலோசகர் லேசுப்பட்டவர் இல்லை. அடுத்தடுத்து மூன்று கேள்வி கேட்டார். நாய்க்கு எடுத்த எடை நீர்நாய்க்குப் பொருந்துமா? மிருகக்காட்சி சாலை எண்ணை மீன் சார் எடுத்துக் கொடுத்தார். கால்வாய்த் தண்ணீர் சுத்தம் என்று இதே மேசைதானே முன்பு எழுதியது? மீன் சார் எழுந்து நின்றார். ஆமாம், நான்தான் எழுதினேன், நான் அளந்த ஆழம் தப்பு என்றார். அந்த ஆபீசில் ஒருவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கடைசிக் கேள்வி: நீர்நாய் நக்கித்தான் ஆக வேண்டும் என்று என்ன கட்டாயம்?

எலி சார் அறிக்கையை மூடி வைத்தார். பத்தொன்பது வருடத்தில் குழு முன்னால் அவர் எண்ணைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை.

"அதுக்குத் தோலுக்கடியில கொழுப்பு கிடையாதுங்க. ரோமம்தான் அதுக்குக் கம்பளி. நனைஞ்சு ஒட்டிப்போச்சுன்னா குளிர்லயே செத்துரும். அதனால நக்கித்தான் ஆகணும். நாம தண்ணியில எதைக் கலந்தாலும், நக்காம இருக்க அதால முடியாது" என்றார்.

மருந்தைத் தடை செய்துவிடவில்லை. புழுவால் அழிகிற பயிரும் நிஜம்தானே. கால்வாய்க் கரையிலிருந்து பதினைந்து மீட்டருக்குத் தெளிக்கக் கூடாது, தெளித்துப் பத்து நாள்வரை வயல் மடையைத் திறக்கக் கூடாது என்று டப்பாவில் பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டும் என முடிவாயிற்று. அப்படிச் செய்தால் ஒன்று புள்ளி ஏழு பூஜ்யம் புள்ளி எட்டாக இறங்கும். இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கலாம் என்று எலி சாருக்கு ஆதங்கம்தான். மாலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வீடு திரும்பியதைப் பார்த்துக் கடைநிலை ஊழியர் வாட்ச்மேனிடம், தன் கால்வலிக்கு இனி விடிவுகாலம் என்றாராம்.

அடுத்த பருவத்தில், விதியை யாராவது மதிக்கிறார்களா என்று பார்க்க எலி சார் ஒரு விடுமுறை நாளில் கால்வாய்க்குப் புறப்பட்டார். இந்தப் பிராணிக்காக நம் தராசு துருப்பிடித்ததே, அதன் முகத்தையாவது பார்க்கிறேன் என்று மனைவியும் கூட வந்தார். கரையோரம் பதினைந்து மீட்டரும் இடுப்பளவு புல் வளர்ந்திருந்தது. விவசாயி அதை அறுத்து மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நீர்நாய் மறுபடி குட்டையில் மீன் திருடுகிறது என்று வழக்கம்போல் திட்டினார்; குரலில் அவ்வளவு கோபம் தெரியவில்லை.

புதருக்குள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். ஒன்றும் வரவில்லை. கால் மரத்துப்போய் எலி சார் எழுந்து, மோட்டார் அறைவரை நடந்துவிட்டு வருகிறேன் என்று போனார். திரும்பி வந்தபோது மனைவி உதட்டில் விரலை வைத்துக்கொண்டிருந்தார். கால்வாயில் அலை வட்டம் மட்டும் விரிந்துகொண்டிருந்தது.

"இப்பதான் போச்சு. இவ்வளவு கிட்ட வந்து உக்காந்துச்சு. கூட ஒரு குட்டி" என்றார்.

எலி சார் பரபரவென்று நோட்டை எடுத்தார். "எவ்வளவு நேரம் நக்குச்சு?"

"நக்கவே இல்லைங்க. மீனைத் தின்னுச்சு, குட்டிமேல தலையை வெச்சுக் கொஞ்சம் தூங்குச்சு, எழுந்து போயிடுச்சு."

"ஒரு தடவைகூடவா? நல்லா யோசிச்சுச் சொல்லு. வால் பக்கம்?"

"வால் பக்கமும் இல்ல."

பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த மனைவி இரண்டாவது நிறுத்தத்துக்குள் தூங்கிவிட்டார். எலி சார் மடியில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, இந்த ஒரு நாளையும் சேர்த்தால் சராசரி எவ்வளவு குறையும் என்று வீடு வந்து சேரும்வரை வகுத்துக்கொண்டிருந்தார்.